குழந்தைகளோடு குற்றாலமா? எங்கே தங்கலாம், தெரியுமா?

ஐரோப்பாக்காரர்கள் கோடை விடுமுறைக்கு எதைத் தேடிப் போகிறார்கள், தெரியுமா? வெயிலை! ஜூலை பிறந்ததும் லண்டனிலிருந்தும் பெர்லினிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பி, ஸ்பெயினின் மயோர்க்கா, கிரீஸின் கிரீட் என்று மத்தியதரைக் கடலோரமாகப் போய் இறங்குகிறார்கள். அந்த மாதத்தில் அங்கே மழை என்பது அநேகமாகக் கிடையாது. அதே ஜூலையில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? மழையில் நனைவதற்கென்றே தென்காசிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்! சாரல் விழவில்லை என்றால் முகம் வாடிப் போகிறார்கள்! மழைக்காக ரூம் போடும் ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்!

ஆனால் கிரீட்டுக்குப் போகிறவருக்கும் குற்றாலத்துக்கு வருகிறவருக்கும் ஒரே கவலைதான். பிள்ளைகளோடு எங்கே தங்குவது? அங்கே கேள்வி எளிது: மணல் பக்கத்தில் இருக்கிறதா, தண்ணீர் ஆழம் குறைவா? இங்கே? அடேயப்பா, படித்துக்கொண்டே வாருங்கள்!

குற்றாலம் மலை மேலேயா இருக்கிறது?

இல்லவே இல்லை! ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கும் மேலே. கொடைக்கானல் 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. குற்றாலம்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான்! கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தைக்குக் காது அடைக்காது. வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளையையும் பயமில்லாமல் கூட்டி வரலாம். சமவெளியில் நின்றபடியே மலையருவியில் தலையைக் கொடுக்கலாம்!

அப்புறம் குளிர்காற்று எப்படி வருகிறதாம்? மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி! தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து, கேரளத்தில் கொட்டியது போக மிச்சத்தைத் தூவிக்கொண்டே தென்காசிக்குள் வருகிறது. அந்தத் தூவல்தான் சாரல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வெயிலும் சாரலும் மாறி மாறி விளையாடும்!

எத்தனை அருவி?

விரல் விட்டு எண்ணுங்கள்! பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, பழத்தோட்ட அருவி, புலியருவி, பழைய குற்றாலம் அருவி. எல்லையைத் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவில் பாலருவி. மொத்தம் ஒன்பது!

இதில் பிள்ளைகளுக்கு எது? இங்கேதான் வெளியூர்க்காரர்கள் அசந்துபோவார்கள். ஒன்பதில் மிகப் பிரபலமானது பேரருவி. ஊர்க்காரர்கள் வாயில் ‘மெயின் அருவி’. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது சிற்றருவியும் புலியருவியும்தான்! இரண்டுமே சின்ன அருவிகள். தண்ணீர் மிதமாக விழும். பிள்ளை அழாமல் நிற்கும். சிற்றருவி மெயின் அருவிக்குப் பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அப்படியும் பலர் அதை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்!

தேனருவி? மலைக்கு மேலே, காட்டுக்குள்ளே. பாறையில் தேனடைகள் தொங்குவதால் அந்தப் பேர். பயணிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. வழிகாட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

மெயின் அருவிக்கு நடுவில் ஒரு ‘கடல்’!

சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? கழுத்து என்ன ஆகும்? ஆனால் அப்படி விழுவதில்லை! பாதி வழியில் பாறையில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. பேர் பொங்குமாங்கடல்! மேலிருந்து வருகிற வெள்ளம் முதலில் அதில் விழுந்து, கொந்தளித்து, வேகம் குறைந்து, அப்புறம்தான் பொங்கி வழிந்து கீழே வருகிறது. இயற்கையே கட்டி வைத்த வேகத்தடை! அது இல்லாவிட்டால் மெயின் அருவியில் யாருமே குளிக்க முடியாது.

அந்த அருவிக்கு முன்னால் ஒரு வளைவு நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் பாதுகாப்பு வளைவு. ஊரில் ‘ஆர்ச்’. தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை! மறுநாள் பேப்பரில் வரும் ‘ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது’ என்ற ஒரு வரியிலேயே ஊருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வரும் சிக்கல் தெரியுமா? நான்கு வயதுப் பையன் அப்பாவோடு போவதா, அம்மாவோடு போவதா? கூட்டத்துக்குள் நின்று முடிவு செய்ய முடியாது. ரூமிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்ததும் எங்கே சந்திப்பது என்பதையும் சேர்த்து!

நிமிஷத்தில் மாறும் தண்ணீர்

மத்தியதரைக் கடலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் நிம்மதியாகக் கரையில் உட்காருகிறார்களே, ஏன்? அந்தக் கடலில் ஓதம் மிகக் குறைவு! பெரும்பாலான இடங்களில் ஒரு முழத்துக்குக்கூட ஏறி இறங்குவதில்லை. காலையில் பார்த்த கரைதான் மாலையிலும்.

குற்றாலம் அப்படி இல்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே திரிகூட மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர அதிக நேரம் ஆகாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. அது சீசன்கூட இல்லை, மே மாதம்! 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். படிக்கட்டுகளில் ஓடித் தப்பியவர்களின் வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அது லேசில் மறக்காது.

அதனால் மூன்றே விஷயம். தெளிந்து விழும் தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமானாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். போலீஸ் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தடை போட்டிருந்தால் வாதாடவும் வேண்டாம். தடை போட்ட நாளில் பிள்ளைகளை என்ன செய்வது? அதற்குத்தான் தங்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்!

அப்படியானால், எங்கே தங்கலாம்?

குற்றாலம் ஒரு சிறப்பு நிலைப் பேரூராட்சி. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். சீசனில் வருகிறவர்களோ லட்சக்கணக்கில்! அத்தனை பேரும் எங்கே படுக்கிறார்கள்? பேரூராட்சி விடுதிகள், அரசின் தமிழ்நாடு ஓட்டல், தனியார் லாட்ஜுகள், காட்டேஜ்கள், சமுதாய மடங்கள், அப்புறம் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடும் வீடுகள்!

மெயின் அருவி பக்கத்திலேயே தங்கினால்? ஈரத்துணியோடு நடந்தே ரூமுக்கு வந்துவிடலாம். விடியற்காலையில் கூட்டம் சேரும் முன்பே ஒரு குளியல்! தாத்தா பாட்டி கூட வந்தால் இதுதான் வசதி. குற்றாலநாதர் கோயிலும் காலடியில். ஆனால் சனி, ஞாயிறு ராத்திரி? விடிய விடிய ஆள் நடமாட்டம், வண்டிச் சத்தம். தொட்டில் பிள்ளை தூங்காது!

ஐந்தருவி சாலை? மெயின் அருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ஐந்தருவி. போகிற வழியெல்லாம் மரம், தோப்பு, காட்டேஜ். வெண்ணமடைக் குளத்தில் படகு! தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா! ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் குற்றாலத்தில் இல்லை என்பேன். இன்னொன்று தெரியுமா? தமிழ் இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. 1954-ல் மறையும் வரை வாழ்ந்தது குற்றாலத்தில்தான்! ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். குற்றாலத்தில் எங்கே தங்கலாம் என்ற கவலையே அவர்களுக்கு இருந்திருக்காது!

சரி, தென்காசி ஊருக்குள்? குற்றாலத்திலிருந்து 5, 6 கிலோமீட்டர்தான். பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ‘அருவியை விட்டு இவ்வளவு தள்ளியா?’ என்று முகம் சுளிக்காதீர்கள்! நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் மெடிக்கல் ஷாப் எங்கே? தென்காசியில்! மாவட்டத் தலைமை மருத்துவமனை எங்கே? தென்காசியில்! 2019 நவம்பர் 22 அன்று தமிழ்நாட்டின் 33-வது மாவட்டமாக உதயமான ஊராயிற்றே! கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு தென்காசிக்குத்தான்.

இன்னும் அமைதி வேண்டுமா? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம், பக்கத்தில் இலஞ்சி. சமையலறையோடு வீடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்! பிள்ளைக்குக் கஞ்சியோ பருப்புச் சாதமோ நாமே பொங்கிப் போடலாம். மேலகரம் யார் ஊர் தெரியுமா? திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர்! அந்த 18-ஆம் நூற்றாண்டு நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலமே எழுதிக் கொடுத்தார். அந்த நிலத்தின் பேர் குறவஞ்சிமேடு!

ஜன்னலில் கம்பி வலை இருக்கிறதா?

ரூம் பார்க்கும்போது எல்லோரும் டி.வி. இருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சாரல் ஊரில் ஏ.சி. எதற்கு? கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஜன்னலில் வலை இருக்கிறதா?

ஏன்? குரங்கு! திரிகூடராசப்பர் காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்ட குரங்குகள் இவை. பரம்பரை உரிமையோடு வரும்! கையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருக்கும் பிள்ளையை நூறு பேருக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடும். சாத்தாத ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பையின் ஜிப்பைத் திறந்து, வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்!

இரண்டாவது கேள்வி: துணி எங்கே காயப்போடுவது? சிரிக்காதீர்கள்! சாரல் காற்றில் ஈரத்துண்டு இரண்டு நாளானாலும் காயாது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று குளியல் என்றால் மூன்று செட் உடுப்பு. நாலு பேர் குடும்பத்துக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள்! மேற்கூரை போட்ட வராந்தா, அதில் கொடி, ரூமுக்குள் நல்ல மின்விசிறி. இந்த மூன்றும் இருந்தால் அதுதான் ஐந்து நட்சத்திரம்.

மூன்றாவது, வெந்நீர். அருவி நீரில் ஊறிய பிள்ளைக்கு உதடு நீலம் பாரிக்கும், பல் கிடுகிடுக்கும். அதோடு, அருவியில் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு அது. தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவது ரூமில்தான்!

நாலாவது கேள்வியை நீங்கள் கேட்கவே வேண்டாம். பார்த்துக்கொள்ளும் ஆளிடம் ரெண்டு நிமிஷம் பேச்சுக் கொடுங்கள், போதும். அவரே ஆரம்பித்துவிடுவார்.

“எங்கேருந்து வாரிய அண்ணாச்சி? சின்னப் பிள்ளையளும் வந்திருக்கா? அப்ப இப்ப மெயினுக்குப் போவாதிய. ராத்திரி பூரா மேல மழை. புலியருவிக்குப் போங்க. பிள்ளைய நல்லா வெளையாடும்.”

எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் இது! இப்படிச் சொல்கிற ஆள் இருக்கிற லாட்ஜில், பெயிண்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, பையை இறக்குங்கள்.

தடை போட்ட நாளில் என்ன செய்வது?

அழுதுகொண்டிருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போங்கள்! 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ஒன்பது நிலைக் கோபுரம். உயரம் 178 அடி! ஆனால் நம் தாத்தாக்கள் பார்த்தது இந்தக் கோபுரத்தை இல்லை, தெரியுமா? அப்போது அது பிளந்து, சிதைந்து, மொட்டையாக நின்றது. நூறு வருஷத்துக்கும் மேலே அப்படியே! திருப்பிக் கட்டி 1990-ல்தான் குடமுழுக்கு நடந்தது. சீசனில் அந்த வாசலில் வீசும் காற்று இருக்கிறதே, துப்பட்டாவும் வேட்டியும் நம் கையில் நிற்காது. பிள்ளைகள் வெளியே ஓடி உள்ளே ஓடி அதிலேயே அரை மணி நேரம் விளையாடும்!

குற்றாலத்திலேயே இருக்கிறீர்களா? சித்திர சபை பார்த்தீர்களா? நடராஜருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். குற்றாலத்தில்? சித்திரம்! இங்கே நடராஜர் சிலையாக இல்லை, சுவரில் வரைந்த ஓவியமாக ஆடுகிறார்! சுவர் முழுக்கக் கதை. குற்றாலநாதர் கோயிலோ சங்கு வடிவில் கட்டியது. தலமரம் பலா!

செங்கோட்டைப் பக்கம் போனால் இன்னொரு ஆச்சரியம். அந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டிலேயே இல்லை! திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஊர் வாசலில் நிற்கும் பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. பக்கத்துப் பிரானூரை எதற்கு ‘பார்டர்’ என்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? எல்லை போய் ஏறக்குறைய எழுபது வருஷம். பார்டர் பரோட்டா மட்டும் அப்படியே! பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழிச் சால்னாவின் காரம் ஆகாது. வெறும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கொஞ்சம் தயிர் கேளுங்கள்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் பக்கம் ரயிலில் ஒரு நடை போய் வந்தால்? மலையைக் குடைந்த சுரங்கம், காடு, பதின்மூன்று கண் பாலம்! 1904-ல் போட்ட பாதை. அகலப் பாதையாக மாறி 2018-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. அருவியில் குளிக்க முடியாத பிள்ளைக்கு இதைவிட வேறு ஆறுதல் வேண்டுமா?

ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்றால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி! கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள்! 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தில் மாப்பிள்ளை பெண் பார்க்க வரும் கிராமத்தின் பேர் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் சுந்தரபாண்டியபுரம்தான்! ஒரு வேண்டுகோள்: போட்டோவுக்காகப் பிள்ளையை வயலுக்குள் இறக்கிவிடாதீர்கள். மிதிபடும் ஒவ்வொரு செடியும் ஒரு சம்சாரியின் காசு.

துரியன் வாங்கினால் ரூமுக்குள் கொண்டு போகலாமா?

வேண்டாம்! நாற்றம் மறுநாளும் போகாது. ஆனால் சாலையோரம் குவித்திருக்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு என்று வெளிநாட்டு மரங்களை நட்டுப் பார்த்த மண் இது! மங்குஸ்தான் வாங்கும்போது அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் வைத்துவிடுங்கள். அதன் தோலின் கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது!

எப்போது வருவது?

திங்கள் முதல் வியாழன் வரை! ஆடி அமாவாசையை ஒட்டி வராதீர்கள். கூட்டத்தில் பிள்ளையின் கையை விட முடியாது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. வண்டி செங்கோட்டை வரை போகும். குற்றாலத்துக்கு நீங்கள் தென்காசியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு ரகசியம் தெரியுமா? குற்றாலத்துக்கு வருஷத்தில் இரண்டு முறை தண்ணீர்! வடகிழக்குப் பருவமழையிலும், அதாவது அக்டோபர், நவம்பரில், அருவிகள் விழும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை போகும் சாமிகள் மாலையோடு வந்து இறங்கிவிடுவார்கள், அறைகள் நிரம்பிவிடும். ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் கலைந்ததற்கும் கார்த்திகை முதல் தேதிக்கும் நடுவில் சில நாள் கிடைக்கிறதே, அப்போது வந்து பாருங்கள்! வாடகையில் பேரம் பேசலாம், ஐந்தருவியில் வரிசையில் நிற்க வேண்டாம், புலியருவியில் உங்கள் பிள்ளை தவிர வேறு பிள்ளை இல்லாமலும் இருக்கலாம்! ஒன்றே ஒன்று: அது இடிமழைக் காலம், திடீர் வெள்ளத்துக்கும் பேர்போன காலம். அன்றைக்குத் தடை இருக்கிறதா என்று லாட்ஜ் அண்ணாச்சியிடம் போனில் கேட்டுவிட்டே வண்டி ஏறுங்கள்!